நைட்ரைட் தேங்கும்போது செய்யவேண்டியவை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வழக்கமான அளவு குளோரினைச் செலுத்திய பின்னும் வெளியேறும் நீரில் அதன் எச்சம் அறவே காணப்படாதாயின், குளோரினை மேலும் மேலும் கூட்டுவதற்கு முன்னர், நைட்ரைட் தேங்கியிருக்கிறதா என்று பரிசோதிப்பதே பொறுப்பாளரின் முதற் கடமையாகும். ஏனெனில் நைட்ரைட் வடிவில் 1 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தாலே அது சுமார் 5 மில்லிகிராம் குளோரினைக் கவர்ந்துகொள்ள, கிருமிநாசம் நிகழாமலே அந்நீர் ஆற்றைச் சேர்ந்து, கீழ்த்துறையில் நீராடுவோரைச் சென்றடையும்.

காரணத்தை அறிந்தாலன்றிப் பரிகாரம் சித்திக்காது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓரினப் பாக்டீரியா. அதனை நைட்ரேட்டாக்குவது வேறோரினம். பின்னது பிராணவாயுக் குறைவையும் அம்மோனியா மிகுதியையும் தாங்கும் சக்தியில் மெலிந்ததாகையால், அது பின்தங்கும்போதெல்லாம் இடைப்பொருளான நைட்ரைட் தேங்குகிறது.

ஆகவே முதலில், காற்றூட்டத் தொட்டியின் கடைக்கோடியில் மாதிரி எடுத்து, தாமதமின்றி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் ஒருங்கே அளத்தல் வேண்டும். அம்மோனியா குறைந்து நைட்ரைட் மட்டும் மிகுந்திருந்தால் இரண்டாம் படியே தடைப்பட்டது. இரண்டும் மிகுந்திருந்தால் ஆதாரமே ஆட்டங்கண்டுவிட்டதென்று கொள்க.

அடுத்து, கழிவு மிகுதியாக வரும் வேளையில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமலிருக்கிறதா என்று நோக்கி, காற்றூதிகளையும் அடைபட்ட காற்றுத் துளைகளையும் சீர்செய்க. பாதி வியாதி இங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு.

காரத்தன்மையைப் பற்றியோ மிகுந்த நிதானம் அவசியம். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாவதால், அது வற்றி பி.எச். தாழ்ந்திருந்தால் சுண்ணாம்போ சோடாவோ சேர்த்தல் தகும். ஆயினும் ஆத்திரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால், பி.எச். எல்லை கடந்து, அம்மோனியா கட்டற்ற வடிவம் பெற்று, எந்த இனத்தைக் காப்பாற்ற முயல்கிறோமோ அதனையே ஒடுக்கிவிடும். சேறு பிழியும்போது திரும்பி வரும் அம்மோனியா மிகுந்த நீரையும் இதே காரணத்தால் சிறுகச் சிறுக, பாரம் குறைந்த இரவு வேளையில் விடுதலே உசிதம்.

இப்பாக்டீரியாக்கள் மெல்ல வளர்வன. குணமாகும்வரை உபரிச் சேற்றை வெளியேற்றுவதைக் குறைத்துக்கொள்க. படிவுத் தொட்டியில் சேறு குமிழிகளுடன் மேலெழுந்தால், அது அங்கே நெடுநேரம் தங்காதபடி விரைந்து காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்புக.

இதற்கிடையே கிருமிநாசம் நிற்கலாகாது. அதிகாரிகளின் அனுமதியுடன் குளோரினுக்கு முன் சிறிதளவு அம்மோனியா சேர்த்தால், நைட்ரைட்டுடன் மெதுவாகவே வினைபுரியும் குளோரமின் உண்டாகித் தற்காலிகமாகப் பணி செய்யும். அதன் வேகம் குறைவாதலால் தொடர்பு நேரத்தை நீட்டிக்க வேண்டும். நைட்ரைட் தொடர்ந்து சில நாள் தாழ்ந்த பின்னரே இவ்வேற்பாட்டைப் படிப்படியாக விலக்குக.