ஊர்நடுவும் ஊர்ப்புறமும்: எண்ணாயிரம் கல்வெட்டு காட்டும் குடியிருப்பு

முன்னுரை

ஊரார் கூடும் பொதுவிடத்தைப் பழந்தமிழர் மன்றம், பொதியில், அம்பலம் என வழங்கினர். மரநிழலில் அமைந்த மன்றம் வழக்குத் தீர்க்கும் இடமாகவும் விளங்கியது. சோழர் காலச் சதுர்வேதிமங்கலங்களில் இப்பணியைக் கோயில் வளாகம் பெரிதும் ஏற்றது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகள் ஊர்நடுவிலுள்ள வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்றாகும். அவ்வகை ஊர்நடுவிற்கும் அதனைச் சூழ்ந்த விளைநிலத்திற்கும் இருந்த உறவை விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கல்வெட்டின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கோயிலும் கல்லூரியும்

எண்ணாயிரம், சோழர் காலத்தில் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் காணப்படும் முதலாம் இராஜேந்திரன் (கி.பி. 1012–1044) காலக் கல்வெட்டு, மகாசபை மேற்கொண்ட அறங்களைப் பதிவுசெய்கிறது. திருவாய்மொழி ஓதுவோருக்கும் வேதக் கல்லூரிக்கும் அதில் வழிவகுக்கப்பட்டது. கல்லூரியில் 14 ஆசிரியர்களும் 340 மாணவர்களும் இருந்தனர். இளநிலை மாணவர் 270 பேருள் இருக்கு, யசுர் வேதங்களை ஓதியோர் 75 பேர் வீதம் 150 பேர்; ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலைப் பயின்றோர் 40 பேர். முதுநிலை மாணவர் 70 பேர் வியாகரணம், பிரபாகர மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றைக் கற்றனர்.

நெல்வழி உறவு

இளநிலை மாணவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழியும் முதுநிலை மாணவர்க்குக் குறுணி இருநாழியும் நெல் அளிக்கப்பட்டது. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் அளவில் கணக்கிட்டால், மாணவர்க்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி, அதாவது 24 கலம் இரு குறுணி நெல் தேவைப்பட்டது. இதற்கெனக் குறிக்கப்பட்ட நிலம் 45 வேலி. ஆண்டு வரவு 10,506 கலம். எனவே ஊர்நடுவின் இயக்கம் சூழ்ந்திருந்த வயல்களின் விளைச்சலையே சார்ந்திருந்தது எனலாம்.

இக்கணக்கில் ஓதுவோர் பாடவாரியாக எண்ணப்படுகின்றனர். அந்த 45 வேலியை உழுதோர்க்கு அவ்வாறு ஓர் எண் இல்லை. உண்போர் தொகை துல்லியமாகப் பதிவாக, விளைத்தோர் நிலத்தின் அளவிற்குள் மறைந்துவிடுகின்றனர்.

முடிவுரை

கோயில்சார் ஊர்நடு, சபையும் கல்வியும் உணவும் ஒருங்கமைந்த பொதுவிடமாகும். ஆயினும் அது அனைவர்க்கும் ஒருபடித்தான பொதுவிடமாக இருந்ததில்லை. ஊர் வரலாறு எழுதுவோர் மையத்துக் கட்டடங்களோடு அவற்றைத் தாங்கிய நிலத்தையும் உழைப்பையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். கல்வெட்டுகளின் நெல்லளவுகள் அந்நோக்கிற்கு ஏற்ற தொடக்கமாக அமைகின்றன.