மடக்குக் கத்தி: வைத்திருப்போர் கருத்தை எடைபோடுவது எங்ஙனம்?

சங்கத்தின் மூலம் ஒரு கருவியை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்குவதற்கு முன், அதனை வைத்திருப்போரிடம் கருத்துக் கேட்பது நல்ல வழக்கம். ஆயினும், கேட்ட கருத்தை எங்ஙனம் எடைபோடுவது என்பதைப்பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. யாவரும் அறிந்த ஒரு சிறு கருவியைக் கொண்டு இதனை ஆராய்வோம். சட்டைப் பையிலோ மடியிலோ அடங்கும் மடக்குக் கத்தியே அக்கருவி. நெசவாளர் நூலையும் கயிற்றையும் வெட்டவும், விவசாயி உரச்சாக்கின் தையலைப் பிரிக்கவும் வாழைநாரை நறுக்கவும் அதனைப் பயன்படுத்துகின்றனர். விலை சிறிதென்பதால் இதனை வாங்குவதில் எவரும் நெடிது யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் ஆய்வுக்கு உட்பட்ட விவசாயிகள் சங்கம் ஒன்று புரட்டாசி மாதத்தில் ஆறு டஜன் மடக்குக் கத்திகளை வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் கொடுத்தது. பத்து நாட்கள் கழித்து நிர்வாகக் குழு கூடியபோது, வந்திருந்த உறுப்பினர்களிடம் கத்தி எப்படி என்று கேட்டனர். யாவரும் நன்றென்றனர். “கத்தி உறுப்பினர் அனைவருக்கும் திருப்தி அளிப்பதால் மேலும் ஆறு டஜன் வாங்குவது” எனத் தீர்மானம் எழுதப்பட்டது. அத்தீர்மானத்தைப் படித்துப் பார்த்து, ஆட்சேபம் ஒன்றும் எழுதாமல் நான் கையொப்பமிட்டேன்.

தை மாதத்தில் மறுபடியும் சென்றேன். இரண்டாம் முறை வாங்கிய கத்திகளுள் பெரும்பாலானவை பெட்டி பிரிக்கப்படாமல் இருப்பில் கிடந்தன. முதல் முறை வாங்கியவற்றில் பல, ஒரு தகர டப்பாவில் போடப்பட்டு என் மேசைமேல் வைக்கப்பட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலகுகள் துருவேறிப் போயிருந்தன. சில திறக்கவே வரவில்லை. “மட்டச் சரக்கு, ஐயா” என்றார் செயலாளர். அப்போது திண்ணையில் அமர்ந்திருந்த முதிய உறுப்பினர் ஒருவர் தம் மடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். அதுவும் அதே சரக்குத்தான். அலகு கறுத்திருந்ததே அன்றித் துரு இல்லை. விரல் வைத்தால் வெட்டும் கூர் இருந்தது. அவர் செய்ததெல்லாம் மாலையில் வீடு திரும்பியதும் துண்டு முனையால் அலகைத் துடைத்து வைத்ததுதான். தாம் எண்ணெய் தேய்த்து முழுகும் சனிக்கிழமையன்று கத்தியின் கீலுக்கும் ஒரு சொட்டு விடுவாராம். புரட்டாசிக் கூட்டத்திற்கு அவர் வந்திருக்கவில்லை. ஆதலால் அவரை எவரும் கேட்கவும் இல்லை.

“நன்று” என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை, “மட்டம்” என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் ஒரே மனிதர்களே! இந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ள, உலகில் மிகப் பலருடைய பையில் இருப்பதும், நூறாண்டுக்கு மேலாக வைத்திருப்போரிடையே வாதத்திற்கு இடமாய் இருப்பதுமான ஒரு கத்தியின் வரலாறு உதவுகிறது.

பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில், கருவிகள் அடிக்கும் கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். மரப்பிடி, அதில் ஒரு பிளவு, பிளவுக்குள் மடியும் மெல்லிய அலகு, ஊடே ஓர் ஆணி; இவ்வளவே அதன் அமைப்பு. குடியானவர்க்கும் தொழிலாளர்க்கும் உரிய மலிவான கத்தி அது. 1897ஆம் ஆண்டில் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் அதனைச் செய்யத் தொடங்கினார். இன்று மிகப் பரவலாக வழங்குவது 8ஆம் எண். அதன் அலகு 8.5 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 50 கிராம்.

இக்கத்தியை வைத்திருப்போர் முதலில் வாதிடுவது எஃகைப்பற்றி. ஒப்பினெல் கத்தி இருவகை எஃகில் கிடைக்கிறது. ஒன்று, நூற்றுக்கு 0.9 பங்கு கரி கலந்த கரியெஃகு. மற்றது, குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் கூர் நிற்கும்படி கடினமாக்கப்பட்டது. கரியெஃகுக் கத்தியை வைத்திருப்போருள் ஒரு சாரார், “இதைப்போல் எளிதில் கூர் ஏறும் அலகு வேறில்லை, சாதாரணக் கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் போதும்” என்பர். இன்னொரு சாரார், “ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது, பழம் நறுக்கினால் இரும்பு வாடை வீசுகிறது, மழையில் நனைந்து துருவேறிவிட்டது” என்பர். இவை முரண்பட்ட கருத்துகள்போல் தோன்றும். உண்மையில் ஒரே பொருளின் இரு குணங்கள்.

நம் இல்லங்களில் பழைய இரும்பு அரிவாள்மணையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அதில் வாழைப்பூ அரிந்தால் அலகும் கறுக்கும், கையும் கறுக்கும். வாழைப்பூவிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கருநிறத்தை உண்டாக்குகிறது. மாங்காய், எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பும் இரும்பைத் தாக்கி நிறம் மாற்றும். இந்தக் கறுமை வேறு, துரு வேறு. கறுமை அலகின்மேல் மெல்லிய படலமாக ஒட்டி நின்று, துருவேறுவதை ஓரளவு தாமதப்படுத்தும். ஐரோப்பாவில் அனுபவமுள்ளோர் சிலர் புதிய கரியெஃகுக் கத்தியை வேண்டுமென்றே காடியில் ஊறவைத்துக் கறுக்கச் செய்வதும் இதனால்தான். செந்நிறத் துருவோ உதிர்ந்து உதிர்ந்து எஃகையே தின்பது. கருத்துச் சொல்பவர் “கெட்டுவிட்டது” என்னும்போது, கறுத்துவிட்டதைச் சொல்கிறாரா, துருவேறியதைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிய வேண்டும். எங்கள் தகர டப்பாவில் இருந்த கத்திகளிலும் ஏழெட்டு, வெறுமனே கறுத்தவையே. அவற்றை வைத்திருந்தவர்கள் கெட்டுப்போனதாகக் கருதித் திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

துருப்பிடிக்காத எஃகு கூர் ஏறாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது மிகைப்படுத்திய கூற்று என்பது என் கருத்து. ஒப்பினெல் போன்ற மெல்லிய அலகில் வேறுபாடு சிறிதே. சற்று அதிக நேரம் தீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உண்மையான வேறுபாடு எஃகில் இருப்பதைவிட, மாலையில் துடைத்து வைக்கும் பழக்கம் உடையவர், அப்பழக்கம் இல்லாதவர் என்பதிலேயே அதிகம் இருக்கிறது. துடைக்க மறப்பவருக்குத் துருப்பிடிக்காத எஃகே தக்கது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த வாதம் பிடியைப் பற்றியது. ஒப்பினெல்லின் பிடி பெரும்பாலும் பீச் என்னும் மரத்தால் ஆனது. அலகு அந்த மரப்பிளவினுள் நேராக மடிகிறது; இடையில் தகடு எதுவுமில்லை. ஈரக் காற்றில் மரம் பருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் இறுகுவதுபோலவே இது. “திறக்கவே வரவில்லை, நகம் பெயர்ந்துவிடும்போலிருக்கிறது” என்று குறைகூறுவோர் உண்டு. சவோய் மக்கள் இதற்கென ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிப்புறத்தை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முதுகு பிளவைவிட்டுச் சற்று வெளியே எழும். பிறகு விரலால் பற்றித் திறப்பர். அதனைச் “சவோயார் தட்டு” என்றே வழங்குகின்றனர். இத்தட்டை அறிந்தவர் குறைகூறுவதில்லை; அறியாதவர் கத்தியைத் தூக்கி எறிகிறார். பிடியை எண்ணெயில் ஊறவைப்பது, பிளவின் உட்புறத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்ப்பது ஆகியவையும் வழக்கில் உள்ள பரிகாரங்கள். குழித்தறியில் அமர்ந்து வேலை செய்யும் நெசவாளருக்கு மரமும் ஈரமும் சேர்ந்தால் என்னாகும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1955ஆம் ஆண்டுவரை இக்கத்தியில் அலகைப் பூட்டும் ஏற்பாடு இல்லை. அவ்வாண்டில் மார்செல் ஒப்பினெல் என்பவர் கழுத்தில் சுழலும் உலோக வளையம் ஒன்றை அமைத்தார். திறந்தபின் வளையத்தைத் திருப்பினால் அலகு விரல்மேல் மடிந்துவிழாது. 2000ஆம் ஆண்டு முதல் மூடிய நிலையிலும் பூட்டலாம். வளையத்தைப் போற்றாதவர் அரிது எனலாம். எனினும் இங்கிலாந்தில் அதனையே குறையாகச் சொல்வோர் உளர். காரணம் கத்தியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்திற்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் கூறாமலே வைத்திருக்க இடமளிக்கிறது. பூட்டும் கத்திக்கு அச்சலுகை இல்லை. அங்கிருந்து வரும் “வளையம் வேண்டா” என்னும் கருத்தை இங்கு நாம் அப்படியே ஏற்றால், தேவையின்றி ஒரு பாதுகாப்பை இழப்போம்.

வளையத்திற்குப் பதில், முதுகில் வைத்த எஃகு வில்லின் அழுத்தத்தாலேயே அலகு நிற்கும் கத்திகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தி பெரும்பாலும் அவ்வகை. அதில் உலோகத் தகடுகளுக்கு இடையே அலகு மடிவதால் மழையில் இறுகும் தொல்லை இல்லை. ஆனால் முனையால் குத்தி அழுத்தினால் விரல்மேல் மடியலாம். இங்கே, நம் இயக்கத்தாருக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அக்கத்தியைத் தோற்றுவித்த கார்ல் எல்செனர், தனியாளாகத் தம் நாட்டு ராணுவத்திற்குக் கத்தி செய்து கொடுக்க இயலாதென்று கண்டு, 1891ஆம் ஆண்டில் கத்தித் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அவ்வாண்டே ராணுவத்திற்குக் கத்திகள் போயின. ஜெர்மனியின் சொலிங்கன் நகர ஆலைகள் மலிவாகச் செய்து போட்டியிட்டபோது, மற்றவர்கள் தாக்குப்பிடிக்க இயலாமல் விலகினர். எல்செனர் பெரும் கடனில் தனித்து நின்றார். 1897ஆம் ஆண்டில் அவர் பதிவுசெய்த பல அலகுக் கத்தியே பின்னர் அத்தொழிலைக் காப்பாற்றியது. விலகியவர்களை நான் குறைகூற மாட்டேன். மலிவு விலைப் போட்டி என்னவென்பது கைத்தறியாளருக்குத் தெரியும்.

நிற்க. பிற கருத்துகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். “முனை ஒடிந்துவிட்டது” என்பவர் பெரும்பாலும் டப்பா மூடியை நெம்பியவர். நெம்புவதற்கு மெல்லிய அலகு ஏற்றதன்று, அறுப்பதற்கே ஏற்றது. “இரு கையும் வேண்டியிருக்கிறது” என்பது நியாயமான குறை. ஒரு கையில் குலையைத் தாங்கி நிற்பவருக்கு ஒப்பினெல் உதவாது. “பையில் பருமனாக இருக்கிறது” என்பவருக்கு 7 சென்டிமீட்டர் அலகுடைய 6ஆம் எண் போதும்.

ஆக, உறுப்பினரிடம் “கத்தி எப்படி?” என்று கேட்பதில் பயனில்லை. எதை வெட்டுகிறீர், எத்தனை மாதமாக வைத்திருக்கிறீர், அதில் ஒரு மழைக்காலம் அடங்கியதா, துடைப்பதும் தீட்டுவதும் யார் என்று கேட்க வேண்டும். கூட்டத்திற்கு வராதவரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும். விடைகளைக் கருத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், எதிரும் புதிருமாகத் தோன்றிய பத்துக் கருத்துகளில் எட்டு ஒத்துப்போவதைக் காணலாம். மீதி இரண்டுதான் உண்மையில் கத்தியைப்பற்றியவை. சங்கத்தின் பணத்தைச் செலவிடுமுன் ஆராயவேண்டியவை அவ்விரண்டே.

அந்தச் சங்கத்தில் முடக்கப்பட்ட தொகை பெரிதன்று. ஆயினும் அது உறுப்பினர் பணம். என் கையொப்பமும் அதில் இருந்தது. முதியவரையே அழைத்து, சங்கத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கற்பொடியும் எண்ணெயும் கொண்டு துருவைத் தேய்த்துக் காட்டச் செய்தோம். தகர டப்பாவில் இருந்தவற்றில் பாதிக்குமேல் உரியவர்களே திரும்ப எடுத்துச் சென்றனர். பெட்டியிலிருந்த புதியவற்றில் இரண்டு டஜன் அதன்பின் விற்றன. எஞ்சியவை இன்னும் இருப்புப் பதிவேட்டில் நிற்கின்றன. இவ்வாண்டு கதிர் அரிவாள் வாங்கக் கருதியுள்ள அச்சங்கம், புரட்டாசியில் ஐந்து மாதிரிகளை ஐந்து பேரிடம் கொடுக்கவிருக்கிறது. கருத்துக் கேட்கும் நாள் தை அறுவடைக்குப் பின் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளது.