தேர்வு நேரத்தில் கம்ப்யூட்டர்: பெற்றோருக்கு ஓர் அட்டவணை

மார்ச் மாதம் நெருங்கினால் பல வீடுகளில் முதல் தண்டனை கம்ப்யூட்டருக்குத்தான். மானிட்டருக்குத் துணி போர்த்தி, மவுஸைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டி விடுவார்கள். கேமுக்கும் வீடியோவுக்கும் தடை போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கம்ப்யூட்டரைப் பூட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதமும் அதன் முன் உட்கார வேண்டியவர் நீங்கள். தினமும் பதினைந்து நிமிடம் போதும்.

என் அக்கா மகன் 2024-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினான். அக்கா தினமும் மாலையில் "படிச்சியா?" என்று கேட்பாள். அவன் "படிச்சேன்" என்பான். அவன் சொன்னதில் பொய் இல்லை. எந்தப் பாடத்தை, எப்போது, எவ்வளவு நினைவில் நிற்கும்படி படித்தான் என்பதுதான் அக்காவுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். கணிதத்தில் மட்டும் 8 இயல்கள். அறிவியலில் இருபதுக்கும் மேற்பட்ட அலகுகள். இத்தனையையும் மனதிலேயே கணக்கு வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. கணக்கு வைப்பதற்குத்தானே வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது?

அட்டவணைக்குப் போகும் முன் ஒரு விஷயம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-ல் தன் மறதியைத் தானே அளந்து ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும் போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்று கண்டார். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களைக் கொண்டு இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். ஆகவே நாம் குறித்து வைக்க வேண்டியது "எத்தனை மணி நேரம் படித்தான்" என்பதை அல்ல. "இந்தப் பாடத்தைக் கடைசியாக எப்போது எழுதிப் பார்த்தான்" என்பதை.

இப்போது எக்ஸெல் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் போதும். புதிய ஷீட்டில் முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ காலத்தில் பாடம், பி-யில் இயல் அல்லது அலகின் பெயர், சி-யில் எழுதிப் பார்த்த தேதி, டி-யில் ஆன நாட்கள், ஈ-யில் பத்துக்கு எத்தனை மதிப்பெண். இரண்டாவது வரிசையிலிருந்து புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்து, ஐந்து பாடங்களின் இயல்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக டைப் செய்து விடுங்கள். உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், முக்கோணவியல் என்று அடிக்கும்போதே புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் பழகிவிடும். பிள்ளையை உட்கார வைத்து அடிக்கச் சொல்ல வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இதைவிட நல்ல டைப்பிங் பயிற்சி கிடையாது.

அடுத்து டி2 செல்லில் கிளிக் செய்து =டுடே()-சி2 என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். டுடே என்பது இன்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான். அதன் பின் வரும் அடைப்புக்குறிகளுக்குள் எதுவும் எழுதக் கூடாது. இன்றைய தேதியிலிருந்து சி காலத்தில் உள்ள தேதியைக் கழித்து, எத்தனை நாள் ஆயிற்று என்று கம்ப்யூட்டர் சொல்லும். தினமும் ஃபைலைத் திறக்கும்போது அந்த எண் தானாகவே கூடியிருக்கும். விடையில் நாட்களுக்குப் பதில் 1900-ஆம் ஆண்டுத் தேதி ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். டி காலத்தைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் நம்பர் என்ற பகுதியில் ஜெனரல் என்பதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். பிறகு டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள்.

தேதியில் ஒரு சிக்கல் வரலாம். விண்டோஸில் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் மார்ச் 5 என்று நினைத்து 5/3 என டைப் செய்வதை அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் டைம் அண்ட் லேங்வேஜ் பகுதிக்குப் போய், ரீஜனல் ஃபார்மட் என்பதில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

தேதி போடாத வரிசைகளில் ஒரு வேடிக்கையைப் பார்ப்பீர்கள். 46,000-க்கு மேல் ஓர் எண் நிற்கும். எக்ஸெல் 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது. காலியான செல்லைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. இதைத் திருத்த வேண்டாம். டி காலத்தில் ஏதாவது ஒரு செல்லில் மட்டும் கிளிக் செய்து, டேட்டா டேபில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் இசட் டு ஏ பட்டனை அழுத்துங்கள். ஒரு முறை கூட எழுதிப் பார்க்காத பாடங்கள் எல்லாம் மேலே வந்து வரிசையில் நிற்கும். அவற்றின் கீழே, தொட்டு நாளான பாடங்கள். இன்றைக்கு எதைக் கேட்பது என்று யோசிக்கவே வேண்டாம். மேலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போய் 10 என்று கொடுத்தால் பத்து நாளைத் தாண்டியவை சிவப்பாகத் தெரியும்.

அக்கா வீட்டில் முதல் நாள் அடுக்கிப் பார்த்தபோது, கணிதம் முழுவதும் அடியில் இருந்தது. புவியியல் அலகுகள் உச்சியில் இருந்தன. பையனுக்குக் கணக்குப் பிடிக்கும். பிடித்ததையே திரும்பத் திரும்பப் போட்டு, மணிக்கணக்கில் படித்த திருப்தியோடு எழுந்திருக்கிறான். அத்தான் சிவப்பைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். விளைவு, அடுத்த மூன்று நாட்களில் எல்லா வரிசையிலும் தேதி வந்துவிட்டது. மதிப்பெண் காலம் மட்டும் காலி! திட்டினால் பிள்ளை அட்டவணைக்காகத் தேதி சொல்வான், அவ்வளவுதான். அன்று ஒரு விதி வைத்தோம். மதிப்பெண் இருந்தால்தான் தேதி. மதிப்பெண் பத்துக்கு மூன்று என்றாலும் அப்படியே போட வேண்டும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

பாடம் தெரியாத பெற்றோர் எப்படித் தேர்வு வைப்பது என்று கேட்பீர்கள். தெரிய வேண்டியதே இல்லை. புத்தகத்தில் ஒவ்வொரு அலகின் முடிவிலும் கேள்விகள் இருக்கின்றன. ஐந்தை நீங்கள் வாசியுங்கள். புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். அவன் தாளில் எழுதட்டும். பிறகு புத்தகத்தை அவனிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் அந்த ஐந்து நிமிடம், டியூஷனில் கழியும் ஒரு மணி நேரத்துக்குச் சமம் என்பது என் சொந்த அபிப்பிராயம். புத்தகம் கிழிந்துவிட்டது என்றால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் திரையில் வாசிக்க விட வேண்டாம். வேண்டிய பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள்.

கடைசி இரண்டு வாரம் முழு வினாத்தாள். பத்தாம் வகுப்பில் வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் 15 நிமிடம், எழுத 3 மணி நேரம். விண்டோஸில் உள்ள கிளாக் புரோகிராமில் டைமர் வைத்து, காலை பத்து மணிக்கே உட்கார வையுங்கள். பக்கத்து அறையில் டிவி வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதும் உங்கள் வேலைதான்.

தேர்வுக்கு முந்தைய நாள் அட்டவணையைத் திறக்கவே வேண்டாம். சிவப்பு அப்போது யாருக்கும் உதவாது, தூக்கம்தான் உதவும். ஒரு தேர்வு முடிந்து வந்ததும் இணையத்தில் விடைக்குறிப்பைத் தேடி மதிப்பெண் கூட்டுவதையும் கடைசித் தேர்வு முடியும் வரை தள்ளிப் போடுங்கள். தவறிவிட்டாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே, சாதாரணமாகச் சாப்பிடும்போது சொல்லி வையுங்கள். பிள்ளை சாப்பாடு, தூக்கம் குறைந்து, பேச்சும் நின்று போனால் அட்டவணையை மூடிவிட்டு அவனோடு உட்காருங்கள்; 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகத் தருகிறார்கள்.

ஃபைலை அவ்வப்போது கன்ட்ரோல் + எஸ் அழுத்தி சேவ் செய்யுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடுத்த பிள்ளை இருந்தால், ஃபைல் மெனுவில் சேவ் அஸ் கொடுத்து அவன் பெயரில் இன்னொன்று உருவாக்கி, சி, ஈ காலங்களில் உள்ளவற்றை மட்டும் அழித்து விடுங்கள். டி காலத்தில் கை வைக்க வேண்டாம், ஃபார்முலா போய்விடும்.