டிக்கியில் கிடக்கும் சங்கிலி

பெங்களூரில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. நாம் காருக்குப் போடும் சாதாரண டயரின் ரப்பர், ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும்; பிடிமானம் குறையும். ஆக, இந்த ஊரில் வாங்கி இந்த ஊரிலேயே ஓடித் தேயும் டயருக்கு அந்தக் குளிர் என்னவென்றே தெரியாது. இந்தக் கணக்கை நான் முன்பே போட்டுப் பார்த்திருந்தால், 2023 ஜனவரி கடைசியில், அடல் சுரங்கத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே என் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போவதை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்திருக்க மாட்டேன்.

போனது இரண்டு வண்டி. என்னுடையது அல்சூர் வீட்டு வாசலில் நிற்கும் ரெனோ டஸ்டர், ஏடபிள்யூடி என்கிற ஆல் வீல் டிரைவ், ஓரகடத்துத் தயாரிப்பு. என் மனைவியின் அண்ணன் ஓசூரில் இருக்கிறார். அவருடையது பிடதியில் செய்த பழைய ஃபார்ச்சூனர். 2009-இல் இங்கே வந்த அந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் ஃபோர் வீல், பிறகு வந்ததைப் போல வேண்டும்போது போட்டுக்கொள்வது இல்லை. எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கும். பனியில் இந்த இரண்டில் எது கெட்டி என்று தீபாவளிச் சாப்பாட்டில் ஆரம்பித்த பேச்சு, “போய்ப் பார்த்துடலாம் மாப்ள” என்பதில் முடிந்தது.

கிளம்புவதற்கு முன்பே ஒரு பாடம். மச்சானின் வண்டிக்கு 10 வயது கடந்துவிட்டது. டெல்லியைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்தில் அந்த வயது டீசல் வண்டி ஓடக் கூடாது என்று அப்போது தடை இருந்தது. அந்த வட்டாரம் டெல்லியோடு நிற்பதும் இல்லை. பானிபட், கர்னால் எல்லாம் அதில் சேர்த்தி. பெங்களூரிலிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு வடக்கே போகிறவர்கள் அதற்குள்தான் போய் விழுவார்கள். நாங்கள் புனே, அகமதாபாத், உதய்பூர், சூரு, ஹிசார், பாட்டியாலா என்று சுற்றிக்கொண்டு மணாலி சேர்ந்தோம். இடுப்பு வலியைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

இரண்டு வண்டிக்கும் உள்ளே என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. ஃபுல் டைம் ஃபோர் வீலில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டும். அதனால் காய்ந்த தார் ரோட்டிலும் நாலு சக்கரமும் இழுக்கலாம், எதுவும் முறுக்கிக்கொள்ளாது. வழுக்கலான இடம் வந்தால் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடலாம்; முன்னும் பின்னும் சேர்ந்தே சுற்றும். இன்னும் கஷ்டமென்றால் லோ ரேஞ்ச் இருக்கிறது. இதற்கெல்லாம் கியர் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன லிவர்.

என் டஸ்டர் மாதிரி ஏடபிள்யூடி வண்டிகள் அடிப்படையில் முன் சக்கரம் இழுப்பவை. பின் ஆக்சிலுக்கு முன்னால் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச். முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றும்போது அந்தத் தட்டுகளை நெருக்கிப் பின் சக்கரத்துக்கும் பலத்தை அனுப்பும். டேஷ்போர்டில் ஒரு திருகு: டூ வீல், ஆட்டோ, லாக். லோ ரேஞ்ச் கிடையாது. அதற்கு ஈடாக முதல் கியரையே மிகவும் தாழ்வாக வைத்திருக்கிறார்கள்.

தார், ஜிம்னி, பழைய ஜிப்சி எல்லாம் மூன்றாவது ஜாதி, பார்ட் டைம். நடு டிஃபரன்ஷியலே கிடையாது. ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் பூட்டியதுபோல ஓடும். முழுக்கப் பனி மூடிய பாதையில் அதை அசைக்க முடியாது. ஆனால் மணாலிப் பக்கத்து ரோடு நூறடி பனி, நூறடி காய்ந்த தார், ஒரு வளைவு நிழலில் கண்ணாடி மாதிரி ஐஸ் என்று மாறி மாறி வரும். தார் ரோட்டு வளைவில் ஃபோர் வீலை எடுக்க மறந்தால் ஸ்டீயரிங் இறுகும், உள்ளே பல்சக்கரங்கள் முனகும். அந்தத் தலைவலி எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

பனி விழுந்த மறுநாள், மேலே போகும் ரோட்டில் போலீஸ் தடுப்பு. ஃபோர் பை ஃபோர் இல்லையென்றால் சங்கிலி, இரண்டும் இல்லையென்றால் திரும்பு. மச்சானின் வண்டியைப் பார்த்ததும் கை காட்டி அனுப்பிவிட்டார்கள். என் வண்டியில் ஏடபிள்யூடி என்றுதான் எழுதியிருக்கிறது. காவலர் அதை இரண்டு முறை படித்தார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் திருகைத் திருகிக் காட்டினேன். விளக்கு எரிந்ததும் போகச் சொன்னார். அந்த இடத்திலேயே சங்கிலி வாடகைக்குப் பேசியிருக்க வேண்டும். எனக்கும் ஒரு கௌரவம்.

சோலாங் பக்கம் ஒரு கிளைப் பாதை, நல்ல ஏற்றம், ஒரு சாண் உயரத்துக்குப் புதுப் பனி. எங்கள் போட்டி அங்கேதான். ஃபார்ச்சூனர் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டி, லோ ரேஞ்சில், கோயில் யானை மாதிரி அவசரமில்லாமல் ஏறிப் போனது. நான் ஆட்டோவில் போனேன். தவறு. ஆட்டோவில் முன் சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின் சக்கரம் கூட்டுச் சேரும். இடைவெளி அரை நொடிதான், ஆனால் அதற்குள் முன் சக்கரம் தனக்கு ஒரு குழியைத் தோண்டிக்கொள்கிறது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, சமதளத்திலேயே, லாக் போட்டுக்கொள்ள வேண்டும்.

லாக் போட்டேன், பாதி தூரம் ஏறியது. ஒரு திருப்பத்தில் நின்றது. உடனே குடகுப் புத்தி வந்துவிட்டது. மழைக்காலத்தில் சகலேஷ்புரத்திலும் குடகிலும் சேற்றில் ஓட்டிப் பழகியவன் நான். சேற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் டயர் சேற்றை உதறிவிட்டு அடியில் கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். பனியில் மிதித்தால் சக்கரம் சுற்றச் சுற்ற அடியிலிருக்கும் பனியைத் தேய்த்துத் தேய்த்து ஐஸாக்கிவிடும். “மாப்ள, காலை எடுங்க, காலை எடுங்க” என்று மச்சான் மேலேயிருந்து கத்தினார். இந்த மாதிரி தட்டுக் கிளட்ச் உள்ள எந்த ஏடபிள்யூடியையும் விடாமல் சுற்றவிட்டால் தட்டுகள் சூடேறும். ஓர் அளவைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளப் பின் சக்கரத்தை விட்டுவிடும். அந்தக் கட்டம் வருவதற்குள் காலை எடுத்தேன். பத்தடி பின்னால் வந்து, இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை மூச்சுவிடுகிற அளவுக்கு மட்டும் தொட்டு ஏற்றினேன். ஏறிவிட்டது! முதல் கியர் அவ்வளவு தாழ்வாக இருப்பதால் பலம் அதிகம், பனியில் அந்தப் பலமே வழுக்க வைக்கும்.

அன்று மாலைக் கணக்குப்படி ஃபார்ச்சூனருக்கு வெற்றி. மச்சான் மணாலிக் கடையில் மோமோ சாப்பிட்டுக்கொண்டே அதை நான்கு முறை சொன்னார்.

மறுநாள் அடல் சுரங்கம். 2020 அக்டோபர் 3-இல் திறந்தது, 9.02 கிலோமீட்டர் நீளம், 3,000 மீட்டருக்கு மேலே. உள்ளே காய்ந்த ரோடு, வெளிச்சம், நம்ம ஊர் ஃப்ளைஓவரைவிட ஒழுங்கு. அந்தச் சுகத்தில் வடக்கு வாசலைத் தாண்டினால் லாஹௌல் பள்ளத்தாக்கு, சிஸ்ஸு நோக்கி ரோடு கறுப்பாகத்தான் தெரிந்தது. தமிழில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டிப் புல்வெளியில் வெளுத்துக் கிடப்பதும் பனி, இமயத்தில் மலையாய்க் குவிவதும் பனி. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரே சொல் போதாது. பஞ்சுபோல விழுந்த புதுப் பனியில் பிடிமானம் கொஞ்சம் உண்டு. வண்டிகள் மிதித்து இறுகியதில் அதைவிடக் குறைவு. பகலில் உருகி இரவில் உறைந்த மெல்லிய ஐஸ் ரோட்டின் நிறத்திலேயே இருக்கும். ஈரம் மாதிரிதான் தெரியும். நான் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் பிரேக்கைத் தொட்டேன்.

காய்ந்த தாரில் 40-இல் வரும் கார், முழு பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 30 மீட்டர் ஆகும். ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கு இடமே இல்லை. எல்லாக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான். புறப்படும்போது ஏடபிள்யூடி கொடுக்கிற தைரியம்தான் ஆபத்து. வண்டி வழுக்காமல் கிளம்பிவிடுவதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று நாமே நம்பிவிடுகிறோம். என் டயரில் பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அதைப் போடும்போது பனி என்ற யோசனையே எனக்கு இல்லை. வண்டி திரும்பிப் பக்கவாட்டில் போய், ரோட்டோரம் புல்டோசர் தள்ளி வைத்திருந்த பனி மேட்டில் பொத்தென்று சாய்ந்து நின்றது. கதவில் ஒரு நெளிசல், அவ்வளவுதான். பின்னால் வந்த ஃபார்ச்சூனர் நல்ல இடைவெளி விட்டுத்தான் வந்தது. நடு டிஃபரன்ஷியல் பூட்டு, லோ ரேஞ்ச், எந்நேரமும் இழுக்கும் நாலு சக்கரம் எல்லாம் இருந்தும் அது என் பம்பருக்கு இரண்டடி முன்னால் வந்துதான் நின்றது. மச்சான் இறங்கி வந்து பேசாமல் ஒரு சிகரெட் பற்றவைத்தார். அவர் விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஓர் ஆல்ட்டோ டாக்ஸி எங்களைக் கடந்து போனது. முன் சக்கரங்களில் சங்கிலி, சத்தம் கடகடவென்று. டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் எங்களுக்குச் சலாம் வைத்தார்.

அதற்குப் பிறகு சங்கிலி வாங்கினோம். எதில் மாட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். என்னுடையதில் முன் சக்கரம். ஃபுல் டைம் வண்டிக்கு அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில், வெயிலில், விரல் விறைக்காதபோது ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். மாட்டி நூறடி ஓட்டியதும் தளரும், இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். வேகம் 30-ஐத் தாண்ட வேண்டாம். சுரங்கம் மாதிரி காய்ந்த ரோடு வந்தால் கழற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் சங்கிலியும் போகும் டயரும் போகும். இறக்கத்தில் மட்டும் மச்சானின் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டுவிட்டு பிரேக்கில் கால் வைக்காமலே இறங்கினார். என் முதல் கியரும் ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்தது. ஏறும்போது படுத்திய அதே கியர்.

சில்லறை விஷயங்கள்: ராத்திரி ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பெங்களூரில் ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் கிளம்புமுன் கூலன்ட் மாற்றுங்கள். சமவெளியில் நிரப்பிய டீசலோடு கடுங்குளிர் மலைக்குப் போனால் அதில் மெழுகு கட்டும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. பங்க்கில் விசாரித்து மேலேயே நிரப்புங்கள். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இப்போதைய டீசல் இன்ஜின் அதைத் தாங்காது.

யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன்: வாரக்கணக்கில் பனியில் கிடப்பவனுக்கு, ஆழமான பனியில் ஏற வேண்டியவனுக்கு, ஃபுல் டைம் ஃபோர் வீல். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சிஸ்ஸு வரை போய் போட்டோ எடுத்துக்கொண்டு வரும் பெங்களூர்க்காரனுக்கு ஏடபிள்யூடி தாராளம். மிச்சமாகும் காசில் நல்ல டயர். டயரின் பக்கத்தில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் முத்திரையாக இருந்தால் அது நிஜமான பனி டயர். வெறும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்தை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த தீபாவளிக்கும் பேச்சு இருக்கிறது.

வாங்கிய சங்கிலி இப்போதும் என் டிக்கியில்தான் கிடக்கிறது. போன வாரம் வண்டி கழுவுகிற பையன் டிக்கியைத் துடைக்கத் திறந்தவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான்: “அண்ணா, வீட்ல மாடு எப்ப வாங்கினீங்க?”