எக்செல்லில் ஒரு குட்டி வீடு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல் என்றால் வெறும் கணக்குப் போடத்தான் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். அதில் வீட்டு பிளானும் வரையலாம். பயிற்சிக்கு, அமெரிக்காவில் டைனி ஹவுஸ் எனப்படும் குட்டி வீட்டை எடுத்துக்கொள்வோம்.

1999-ல் ஐயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் சுமார் 100 சதுர அடியில், சக்கரம் வைத்த வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறினார். 2008 பொருளாதாரச் சரிவில் பலர் வீட்டை இழந்த பிறகு, கடன் இல்லாத குட்டி வீட்டின் மேல் ஆசை பெருகியது. அந்நாட்டின் 2018 மாதிரிக் கட்டட விதி, 400 சதுர அடிக்கு மேற்படாத வீட்டை டைனி ஹவுஸ் என்கிறது. நம் கணக்கில் ஒரு சென்ட் கூட இல்லை!

போட்டோக்களில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மரச்சுவர், பரணில் படுக்கை, தலைமாட்டில் ஜன்னல். பெருக்கித் துடைக்கப் பத்து நிமிடம் போதும். பிளானில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போமா?

எக்செல்லைத் திறந்து, கட்டங்களின் இடது மேல் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தில் கிளிக் செய்யுங்கள். ஷீட் முழுவதும் தேர்வாகும். ஏதாவது ஒரு நெட்டு வரிசையின் தலைப்பு ஓரத்தை மவுஸால் பிடித்து, 20 பிக்ஸல் என்று காட்டும் வரை இழுங்கள். படுக்கை வரிசைக்கும் அப்படியே. எல்லா செல்லும் சதுரமாகிவிடும். ஒரு செல் அரை அடி என்று வைத்துக்கொள்வோம்.

எட்டரை அடிக்கு மேல் அகலமான வண்டியைச் சாலையில் இழுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டும். எனவே வீட்டின் அகலம் 17 செல். நீளம் 20 அடி, அதாவது 40 செல். மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யும்போது இடது மேலே உள்ள நேம் பாக்ஸில் எண்ணிக்கை தெரியும். விரல் விட்டு எண்ண வேண்டாம். ஹோம் டேபில் பெயின்ட் வாளி போன்ற பட்டனை அழுத்தி சாம்பல் நிறம் கொடுங்கள். பிறகு சுற்றிலும் ஒரு செல் சுவருக்கு விட்டு, உள்ளே உள்ளதை மட்டும் தேர்வு செய்து, அதே பட்டனில் நிறத்தை நீக்குங்கள். (முதல் தடவை நான் சுவரையே மறந்துவிட்டேன்.)

வெளியே ஒரு காலி செல்லில் =15*38/4 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 142.5 என்று வரும். மொத்தம் 170 சதுர அடி, சுவரே 27.5 சதுர அடியை விழுங்கிவிட்டது!

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒரு கோடியில் முழு அகலத்துக்கு 6 வரிசை குளியலறை. அடுத்த 14 வரிசையில் வலது சுவரை ஒட்டி 4 செல் அகலம் சமையல் மேடை, இடது சுவரை ஒட்டி 4 செல் படிக்கட்டு. நடுவில் மூன்றரை அடி வழி. ஒருவர் தோசை சுட்டால் மற்றவர் ஒதுங்கித்தான் போக வேண்டும். மிச்சம் 18 வரிசை, 67.5 சதுர அடி. ஹால், சாப்பாட்டு அறை, விருந்தினர் அறை எல்லாம் அதுவே. அங்கே உங்கள் கம்ப்யூட்டர் மேஜையை, 4 செல்லுக்கு 8 செல், வைத்துப் பாருங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ள இன்னும் 4 செல். பீரோ எங்கே?

பரணைப் பிளானில் காட்ட முடியாது, கணக்குப் போடலாம். பல மாநிலங்களில் வண்டியின் உயரம் 13.5 அடிக்குள் இருக்க வேண்டும். டிரெய்லருக்கு 2 அடி, தரைக்கும் கூரைக்கும் 1 அடி, கீழ் அறைக்கு 6 அடி 8 அங்குலம், பரண் பலகைக்கு அரை அடி போனால் மிச்சம் 3 அடி 4 அங்குலம். உட்காரலாம், நிற்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் இரவில் இறங்கி ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

எந்த செல்லிலும் அடங்காத சங்கடம் ஒன்று உண்டு. வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது என்று பல ஊர்களில் விதி இருந்ததால்தான் அடியில் சக்கரம் வைத்தார்கள். சக்கரம் வைத்ததும் அது வண்டியாகிவிட்டது. வண்டியில் ஆண்டு முழுவதும் குடியிருக்கப் பல ஊர்கள் அனுமதிப்பதில்லை. வீட்டுக்கடன் கிடைப்பதும் கடினம். சொந்த மனை இல்லாதவர் தெரிந்தவர் தோட்டத்திலோ, வாடகை கொடுத்து டிரெய்லர் பூங்காவிலோ நிறுத்த வேண்டும். என்னைக் கேட்டால், பரணை விட இதுதான் பெரிய குறை.

ஃபைலை சேவ் செய்துவிட்டு, அடுத்த ஷீட்டில் 20 செல்லுக்கு 30 செல் கட்டம் ஒன்று வரையுங்கள். 1845-ல் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் கட்டிய குடிலின் அளவு அது, 10 அடிக்கு 15 அடி. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் அங்கே தனியாக இருந்தார். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஓர் எழுதும் மேஜை, மூன்று நாற்காலி. அவற்றை நீங்களே வைத்துப் பாருங்கள்.