மழைநீர்ச் சோப்பு செய்யும் தங்கைக்கு



நீ கொடுத்தனுப்பிய சோப்பில் இரண்டு நாள் குளித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வெட்டு நேராக இருக்கிறது, எண்ணெய் நல்ல எண்ணெய், கை எரியவில்லை. உறையில்தான் எனக்குச் சண்டை. ‘மழைநீரில் செய்தது, முடி கொட்டாது’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஷிப்ட் முடிந்து வந்து ஒரகடத்து வாடகை அறைகளில் அச்சும் தராசுமாக உட்காரும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1 கிலோ எண்ணெய்க்கு நீ ஊற்றுகிற தண்ணீர் சுமார் 300 மில்லி. உங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள். (குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறார்கள்.) அந்த 300 மில்லியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கெடுக்கக்கூடிய சோப்பு அரை கிராம்தான். கிலோவுக்கு மேல் வருகிற சோப்பில் அரை கிராம்! இதற்காகவா மொட்டைமாடியில் நனைந்தாய்?

இப்போது குளியலறைக்கு வா. அதே தண்ணீர் 15 லிட்டர் வாளி ஒன்று. அதிலுள்ள கால்சியம் முழுவதையும் தீர்த்துக்கட்ட 25 கிராமுக்கு மேல் சோப்பு வேண்டும். 100 கிராம் கட்டியில் கால் பங்கு, நுரையாகாமல் வெள்ளைத் திப்பியாகிப் போய்விடும். தலை பிசுபிசுப்பதும், வாளி விளிம்பில் ஒரு வட்டம் படிவதும் அதுதான். ஆக, மழைத் தண்ணீரின் அருமை சோப்புக்குள்ளே இல்லை, சோப்பு போட்டுக் குளிக்கிற வாளியில்தான் இருக்கிறது. 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 460 லிட்டர், அதாவது முப்பது வாளி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி 20 ஆண்டு தாண்டிவிட்டது. நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் போட்ட குழாயும் மண்ணுக்குள் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று ஒருநாள் பார். மண்ணுக்குப் போனால் விட்டுவிடு. தெருவுக்குப் போனால் ஒரு டிரம் வைக்கக் கேள்.

அதற்காகச் சோப்புக்குள் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம் என்று சொல்லவில்லை. அங்கே பயம் சுண்ணாம்பு அல்ல, இரும்பு. நான் தொழில் பழகிய முதல் வருஷம், துருப்பிடித்த தகரக் கூரையில் வழிந்த தண்ணீரை ஆசையாகப் பிடித்து நாற்பது கட்டி போட்டேன். இரண்டே மாதத்தில் அம்மை போட்டதுபோல் ஆரஞ்சுப் புள்ளி. மோந்தால் பழைய வடைச்சட்டி வாசனை. இரும்பும் செம்பும் துளி கலந்தாலே எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். நாற்பதையும் தரை கழுவத்தான் வைத்துக்கொண்டேன்.

உங்கள் ஊரில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டுகின்றன. இரவு பகலாக டிரெய்லர். அந்தப் புழுதியும் டயர் பொடியும் எந்த மாடியில் உட்காரும்? முதல் மழையைத் தொடாதே. அது மாடியைக் கழுவட்டும். இரண்டு மூன்று நல்ல மழை போனபின், அப்போதும் முதல் கால்மணி நேரத்தை விட்டுவிட்டுப் பிடி. அதைவிட நல்ல வழி நம் பாட்டிகளுடையது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாத ஊர்களில், திறந்த வெளியில் நாலு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியை நாலு மூலையில் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றைப் போட்டுக் கீழே குடம் வைப்பார்கள். கூரையே படாத தண்ணீர். உனக்கு ஒரு குடம் போதும், பல மாதத்துச் சோப்புக்கு ஆகும். வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெளிச்சம் படாத மூடிய கேனில் வை. அதற்கும் சோம்பலாக இருந்தால் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. சோப்புக்கு இரண்டும் ஒன்றுதான்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போடு. தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றாதே, தெறித்து முகத்தில் அடிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. இது உனக்குத் தெரியும், இருந்தாலும் அக்கா சொல்லாமல் விடமாட்டேன்.

உங்கள் தெருவில் எல்லோரும் குளிப்பது போர் தண்ணீரில். அவர்களுக்காகச் சோப்பை மாற்று. தேங்காயெண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரிலும் நுரைக்கும், ஆனால் தோலைக் காய வைக்கும். முழுத் தேங்காயெண்ணெய் என்றால் கிலோவுக்குக் கணக்கான 183 கிராம் காஸ்டிக்கை 146-க்கு இறக்கு. ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் தோலுக்குத் தங்கும். 10 கிராம் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் முதலில் கரைத்து, அதற்கென 6 கிராம் காஸ்டிக் கூட்டிக்கொண்டால், அது கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்து வைத்து அந்தத் திப்பியைக் குறைக்கும். சோப்புக்குள் ஊற்றிய மழைநீர் செய்யாத வேலையை இது செய்யும்.

உறைக்குத் திரும்புகிறேன். ‘மழைநீரில் செய்தது’ உண்மை, இருக்கட்டும். ‘முடி கொட்டாது’ என்பதை அடித்துவிடு, அது மருந்துக்காரர் பேச்சு. தோழிகளுக்குக் கொடுப்பதோடு நில்லாமல் விற்கத் தொடங்கினால், 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். அதைத் தள்ளிப்போடாதே.

இன்னொன்று. மழை வருகிற ஐப்பசி, கார்த்திகைதான் சோப்பு போடுவதற்கு மோசமான காலம். காற்றின் ஈரத்தில் கட்டி வியர்த்து நிற்கும், ஆறு வாரமானாலும் காயாது. தண்ணீரை அப்போது பிடித்து வை, சோப்பைத் தையில் போடு. அதுவரை காஸ்டிக் டப்பாவை இறுக மூடி வை. திறந்து கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் தராசு காட்டுகிற எடையில் பாதி தண்ணீராக இருக்கும்.

அன்புடன்,
அக்கா