மழலையர் ஆசிரியை ஆவதற்குரிய படிப்பு

நம்மவர் வீடுகளில் பெண்மக்களின் மேற்படிப்பைப் பற்றி ஆலோசனை நடக்கும்போது டாக்டர், வக்கீல், கணக்காய்வாளர் என்னும் பெயர்களே முதலில் வரும். மகள் வந்து, "நான் பாலர் பள்ளி ஆசிரியைக்குப் படிக்கப் போகிறேன், வாப்பா" என்று சொன்னால், கல்லாவில் இருக்கும் தகப்பனாருக்கு அது ஒரு படிப்பாகவே தோன்றுவதில்லை. "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பட்டமா? உன் உம்மா எந்தக் காலேஜில் படித்துவிட்டு உங்களையெல்லாம் வளர்த்தாள்?" என்று கேட்டுவிடுகிறார். கேள்வி கேட்கத் தக்கதுதான். அதற்கு விடை சொல்வதும், அந்தப் படிப்பின் படிகள் இன்னவை என்று விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம். சிங்கப்பூரில் உள்ள முறையை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம். மலேசியாவின் சட்டங்கள் வேறு. அவற்றைத் தனியே எழுத வேண்டும்.

உம்மா வளர்த்தது தம் பிள்ளைகள் நால்வரை. அவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். பாலர் பள்ளி அறையிலோ ஒரே வயதுப் பிள்ளைகள் ஒருசேர இருக்கிறார்கள். ஒன்றரை வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள் ஐவருக்கு ஒருவர் வேண்டும் என்பது விதி. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். 4 வயதில் 15 பேருக்கும், 5 வயதில் 20 பேருக்கும், 6 வயதில் 25 பேருக்கும் ஓர் ஆசிரியை. இருபத்தைந்து பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தவர்கள் அதற்குப் பயிற்சி எதற்கு என்று கேட்க மாட்டார்கள்!

ஆனால் அடக்கி உட்கார வைப்பதற்காக இந்தப் படிப்பு ஏற்படவில்லை. ஒரு பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது கூச்சமாக இருக்கலாம். காது சரியாகக் கேளாததாக இருக்கலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக இருப்பதால் வந்த தயக்கமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பேசாத பிள்ளை வேறு, எந்த மொழியிலும் பேசாத பிள்ளை வேறு. முதற்பிள்ளைக்குப் பொறுமை போதும். இரண்டாம் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து, நாள்தோறும் குறித்து வைத்து, பெற்றோர் மனம் புண்படாமல் எடுத்துச் சொல்லத் தெரிந்தவளே ஆசிரியை. மணலை அளந்து கொட்டுவதும், மணிகளை நிறம் நிறமாகப் பிரிப்பதும் நமக்கு விளையாட்டாகத் தோன்றும். நம் கடைகளில் அரிசியை அளப்பதும் சரக்கை இனம் பிரிப்பதும் எந்தக் கணக்கோ, அந்தக் கணக்கின் அரிச்சுவடியே அது.

இக்கலைக்கு நீண்ட சரித்திரமும் உண்டு. ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837-ல் சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். "கிண்டர்கார்டன்" என்ற பெயர் அவர் இட்டது. இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழை மக்கள் குடியிருப்பில் தம் முதற்பள்ளியைத் திறந்தார். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதும், யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

இனி வியாபாரிகளின் கேள்விக்கு வருவோம்: இதில் முதல் போட்டால் என்ன வரவு? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி ஊரில், 1962 முதல் 1967 வரை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 58 பேருக்குப் பாலர் பள்ளிக் கல்வி அளித்தார்கள். மற்ற 65 பேருக்கு அளிக்கவில்லை. இரு சாராரையும் 40 வயது வரை தொடர்ந்து கவனித்து வந்தார்கள். கல்வி பெற்றவர்களில் உயர்நிலைப் பள்ளி முடித்தோர் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீசில் பிடிபட்டோர் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கணக்குப் பார்த்து, போட்ட முதலுக்கு ஆண்டொன்றுக்கு 100-க்கு 7 முதல் 10 வரை பலன் வந்திருக்கிறது என்று 2010-ல் எழுதினார்கள். 123 பேர் சிறு தொகைதான். எல்லா ஊரிலும் இதே பலன் வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பள்ளியில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஆசிரியர் அனைவரும் பட்டம் பெற்றவர்கள். வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று தாயாரையும் கண்டு பேசினார்கள். மலிவான ஆளை வைத்து இந்த லாபத்தை எடுத்ததாகக் கணக்கில் இல்லை.

அடுத்து உரிமம். சிங்கப்பூரில் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு 2013-ல் ஏற்பட்டது. முன்பு பாலர் பள்ளிகளுக்கு ஒரு சட்டமும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு வேறொரு சட்டமும் இருந்தன. 2017-ல் நிறைவேறி 2019 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிற்று. நிலையம் நடத்துவோருக்கு உரிமம் வேண்டும். அங்கே கற்பிப்பவருக்குத் தனியே அங்கீகாரம் வேண்டும். சாப்பாட்டுக் கடை நடத்தும் சகோதரர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக, சுகாதாரப் பயிற்சி பெறாத ஆளை அடுப்படியில் நிறுத்த முடியுமா?

அங்கீகாரம் இரண்டு படிகளாக உள்ளது. சான்றிதழ் நிலைப் படிப்பை முடித்தவர் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். டிப்ளோமா நிலையில் தேறியவர் 6 வயது வரை கற்பிக்கலாம். இப்படிப்புகளை நடத்துவதில் முக்கியமானது 2019-ல் தொடங்கப்பட்ட தேசியப் பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம். நீ ஆன், தெமாசெக் பல்துறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் முன்பு தனித்தனியே நடந்து வந்த பயிற்சியை இது ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தது. பட்டம் வேண்டுவோர் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில், வேலையை விடாமலே பகுதிநேரமாகப் பாலர் கல்விப் பட்டத்துக்குப் படிக்கலாம். எல்லாவற்றிலும் புத்தகப் படிப்போடு, நிலையத்தில் நேரே நின்று கற்பிக்கும் பயிற்சி உள்ளதா என்று பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் அந்த வாரங்களில்தான் அநேகப் பெண்கள் தங்களுக்கு இது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்கிறார்கள். நம் கடைகளில் புதிய பையனை எடுத்த எடுப்பில் கல்லாவில் உட்கார வைப்பதில்லையே!

இந்த இடத்தில் பெற்றோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "பாலர் கல்விப் பட்டம்" என்று பெயர் இருந்துவிட்டால் போதாது. பட்டம் தருவது கல்லூரி. அங்கீகாரம் தருவது மேம்பாட்டு அமைப்பு. சில படிப்புகள் ஏற்கெனவே ஆசிரியராக உள்ளோரின் மேற்படிப்புக்காக ஏற்பட்டவை. புதிதாக வருபவர் அதைப் படித்தாலும் வகுப்பறைக்குள் நுழைய வழி பிறக்காது. வெளிநாட்டுப் பட்டமாயின் தனியே பரிசீலிக்கப்படும். ஆகையால் கட்டணம் கட்டுமுன், "இதை முடித்தால் ஆசிரியராக அங்கீகாரம் கிடைக்குமா, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு?" என்று எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கொள்கலன் வெங்காயம் வரவழைப்பதற்கு ஒன்பது காகிதம் கேட்கும் நாம், மகளின் மூன்று வருஷத்துக்கு ஒரு காகிதமும் கேட்காமலிருப்பது விந்தை. ஆங்கிலத்தில் கேட்கப்படும் மதிப்பெண் தரத்தையும் முன்னதாகவே விசாரிப்பது நலம். அநேகர் தடைப்படுவது அங்கேதான்.

பணவசதி குறைந்தவர்களுக்கு உதவித்தொகைகள் உண்டு. அவற்றில் பல, படிப்பு முடிந்தபின் இத்தனை ஆண்டு இத்துறையில் பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு வருபவை. இடையில் கலியாணமாகி வெளியூர் போக நேர்ந்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிடுவது உத்தமம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்ட தாய்மாரும் இப்படிப்புக்கு வரலாம். 40 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூர்ப் பிரஜைகளுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் கூடுதலாக 4,000 வெள்ளி அளிக்கப்பட்டது. அது எல்லாப் படிப்புக்கும் செல்லாது. எதற்குச் செல்லும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை சுலபமானதன்று என்பதையும் மறைக்கலாகாது. நாள் முழுதும் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஜலதோஷம் வந்தால் ஆசிரியைக்கும் வரும். மாலையில் குறிப்பேடுகள் காத்திருக்கும்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வியமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. தனியார் நிலையங்கள் பலவற்றில் தமிழ் இல்லை. பிள்ளைகள் போதவில்லை என்பது ஒரு காரணம். கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. நீ ஆன் தொழிற்கல்லூரியில் தமிழியலையும் பாலர் கல்வியையும் சேர்த்துப் படிக்கும் டிப்ளோமா ஒன்று இக்குறைக்காகவே ஏற்பட்டது. இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீடு திரும்பும் வாப்பா, தூங்குகிற பிள்ளையைத்தான் பார்க்கிறார். அந்தப் பிள்ளை காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நிலையத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அதன் காதில் தமிழ் விழுந்ததா இல்லையா என்பது, அங்கே தமிழ் தெரிந்த ஆசிரியை ஒருத்தி இருந்தாளா என்பதைப் பொறுத்தது. அவள் நம் வீட்டு மகளாகவும் இருக்கலாம்.